வீட்டிலே காகிதப் பை செய்தல்: கருவிகளும் சாமான்களும் தேர்ந்தெடுக்கும் முறை

வீட்டிலிருந்தபடியே ஓய்வு நேரத்தில் செய்யத்தக்க கைத்தொழில்களுள் காகித வேலையும் ஒன்று. இதற்குப் பெரிய இடம் வேண்டுவதில்லை, மின்சாரமும் வேண்டுவதில்லை. அடுப்பு வேலைக்கும் மாட்டு வேலைக்கும் இடையே எடுத்துச் செய்யவும் எடுத்து வைக்கவும் இயலும். தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா முன்னின்று நடத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் 1934-இல் தோன்றியபோது, அது ஆதரித்த தொழில்களுள் கைக்காகிதமும் இடம்பெற்றிருந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள் தடை செய்யப்பட்டன. அதன்பின் மருந்துக்கடை, ரொட்டிக்கடை, வளையற்கடை ஆகியவற்றிற்குக் காகிதப் பை தேவையாயிற்று.

தேவை இருப்பதனால் மட்டும் தொழில் நிலைத்துவிடாது. ஒரு குடும்பத்தார் மகளிர் சுய உதவிக் குழுவில் 20,000 ரூபாய் கடன் பெற்றுத் தொழில் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். பெரும்பகுதியை வெட்டும் இயந்திரத்திற்கும், மலிவாகக் கிடைத்த பல நிறத் தாள்களுக்கும் செலவிட்டால், தவணை நாளன்று அவர்கள் கையில் விற்காத சரக்கே மிஞ்சும். ஆதலின் எதை முதலில் வாங்குவது, எதைப் பின்னர் வாங்குவது, எதை வாங்காமலே இருப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தாளைத் தெரிந்தெடுத்தல்

பைக்கு ஏற்றது பழுப்பு நிறக் கிராஃப்ட் தாள். நீண்ட நார்களால் ஆனதாகையால் அது எளிதிற் கிழியாது. கரும்புச் சக்கையிலிருந்து செய்யப்படும் தாளின் நார்கள் குறுகியவை. எழுதவும் அச்சிடவும் அது நன்று. பாரம் தாங்கும் பைக்கு அவ்வளவு ஏற்றதன்று.

தாளின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்கிடுவர். கடைக்காரர்கள் இதனை ஜி.எஸ்.எம். என்பார்கள். மாத்திரை உறை போன்ற சிறு பைகளுக்கு 60 முதல் 70 வரை போதும். ஒன்றிரண்டு கிலோ தாங்க வேண்டிய பைக்கு 100 முதல் 120 வரை வேண்டும்.

கடைக்காரர் சொல்லும் கனம் மெய்தானா என்று நாமே சோதிக்கலாம். 23 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் உள்ள தாள் ஒன்று, 100 கனத்ததாயின், ஏறத்தாழ 53 கிராம் நிற்கும். பத்துத் தாள்களைச் சேர்த்து மளிகைக் கடைத் தராசில் வைத்தால் 534 கிராம் அளவில் இருத்தல் வேண்டும். 450 கிராமே நின்றால், அத்தாளின் கனம் 84 என்று அறிக.

அடுத்துக் கவனிக்க வேண்டியது நாரோட்டம். ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே நார்கள் மிகுதியாகப் படிகின்றன. தாளை மடிக்காமல் இருபுறமும் மாற்றி மாற்றி வளைத்துப் பார்த்தால், ஒரு புறம் இலகுவாக வளையும். மறுபுறம் விறைத்து நிற்கும். இலகுவாக வளையும்போது அவ்வளைவின் நீளவாட்டில் நாரோட்டம் உள்ளது. பையின் உயரமும் நாரோட்டமும் ஒரே திசையில் இருந்தால், பக்க மடிப்புகள் வெடிக்காமல் நேராக விழும்.

அளவும் சிக்கனமும்

புதிதாகத் தொடங்குவோர்க்கு மிகுந்த நட்டம் தருவது, தாளின் அளவை எண்ணாமல் பையின் அளவை முடிவு செய்வதே. முற்கூறிய 23க்கு 36 தாளையே எடுத்துக்கொள்வோம். 7½ அங்குல அகலமும் 3½ அங்குலப் பக்க மடிப்பும் உள்ள பைக்குச் சுற்றளவு 22 அங்குலம். ஒட்டும் விளிம்புக்கு ஓர் அங்குலம் சேர்த்தால் 23. தாளின் அகலம் முழுதும் இதிலே அடங்கிவிடுகிறது. நீளவாட்டில் 12 அங்குலமாக வெட்டினால் மூன்று துண்டுகள் மிச்சமின்றிக் கிடைக்கும். மேல்மடிப்புக்கு 1¼ அங்குலமும் அடிமடிப்புக்கு 2¼ அங்குலமும் போக, முடிந்த பையின் உயரம் 8½ அங்குலம்.

பை இன்னும் ஓர் அங்குலம் உயரமாக இருந்தால் அழகாயிருக்கும் என்று 13 அங்குலமாக வெட்டினால், இரண்டு துண்டுகளே கிடைக்கும். 10 அங்குலப் பட்டை வீணாகும். தாளில் கால் பங்குக்கு மேல் கழிவு! ஓர் அங்குல ஆசையால் மூன்று பைகள் இரண்டாகக் குறைந்துவிடும்.

பசை

மைதாப் பசை மலிவானது. ஒரு பங்கு மைதாவை முதலில் சிறிது குளிர்ந்த நீரிற் கட்டியின்றிக் கரைத்து, மொத்தம் ஐந்து பங்கு நீர் வருமாறு ஊற்றி, மெல்லிய தீயில் கிளறிக்கொண்டே பளபளப்பு வரும்வரை காய்ச்ச வேண்டும். இரண்டு நாளுக்குள் செலவாகும் அளவே காய்ச்சுக. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலக்கும் வழக்கம் உண்டு, அது நஞ்சு. உணவுப் பண்டம் வைக்கும் பைக்கும், குழந்தைகள் உலவும் இடத்திலும் அது கூடவே கூடாது. ஈரக்காற்று மிகுந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மைதாப் பசை உலரத் தாமதமாகும். அக்காலத்தில் கடையில் விற்கும் வெள்ளைப் பசை நன்று. எப்பசையாயினும் மெல்லியதாகத் தடவிப் பளுவின்கீழ் உலர்த்தினால் தாள் சுருங்காது.

வேண்டிய கருவிகள்

முதலில் வாங்க வேண்டியவை சிலவே: 24 அங்குல எஃகு அளவுகோல் ஒன்று, அலகு மாற்றத்தக்க காகிதக் கத்தி ஒன்று, மூலைமட்டம் ஒன்று, கத்திரிக்கோல், தூரிகை, துளையிடும் கருவி. மர அளவுகோலை வைத்து வெட்டலாகாது. கத்தி அதன் விளிம்பைச் செதுக்கிவிடும். பின்பு எக்கோடும் நேராக வாராது. கத்தியின் அலகில் மட்டும் சிக்கனம் பாராட்டற்க. மழுங்கிய அலகு தாளைக் கிழிக்கும். அழுத்தி இழுக்கும்போது விரலையும் வெட்டும்.

மடிப்பைத் தேய்க்கும் கோலை வாங்க வேண்டுவதில்லை. நன்கு இழைத்த மூங்கிற் சிம்போ கரண்டியின் முதுகோ போதும். பளுவுக்கு ஒரு பலகையும் இரண்டு செங்கல்லும் போதும். தடித்த அட்டையில் பையின் அளவைத் துல்லியமாக வெட்டி ஒரு மாதிரி அட்டை செய்துகொண்டால், ஒவ்வொரு தாளையும் அளக்கும் வேலை மிச்சமாகும்.

வெட்டும் இயந்திரத்தை உடனே வாங்க வேண்டா. அருகிலுள்ள பட்டணத்து அச்சகத்தில் கூலி கொடுத்தால், 500 தாள்களையும் சிறிது நேரத்தில் ஒரே அளவாக வெட்டித் தருவார்கள். அவ்வாறு கொடுக்கும் கூலி மாதந்தோறும் பெருகி, இயந்திரத்தின் தவணையை எட்டும்போது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

தவிர்க்க வேண்டியவை

பழைய செய்தித்தாள் மலிவு என்று அதில் தின்பண்டப் பை செய்தல் தவறு. அச்சு மை எண்ணெயிலும் சூட்டிலும் கரைந்து உணவிற் சேரும். உணவுப் பொட்டலமிடுதல் பற்றி 2018-இல் வெளியான ஒன்றிய அரசின் விதிமுறைகளும் இதனை விலக்கியுள்ளன. உணவுப் பைகளில் கம்பி ஊசி அடித்தலும் ஆகாது. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் குவளையும் 2019-ஆம் ஆண்டுத் தடையில் அடங்கியவை என்பதையும் மறத்தலாகாது.

விலை கணக்கிடுதல்

500 தாள்களின் எடை சுமார் 26.7 கிலோ. கணக்கின் பொருட்டுக் கிலோ 80 ரூபாய் எனக் கொண்டால், தாளின் விலை 2,136 ரூபாய். கிடைக்கும் துண்டுகள் 1,500. நூற்றுக்கு ஐந்து பழுதானால் நல்ல பைகள் 1,425. ஆகவே பை ஒன்றுக்குத் தாள் செலவு 1 ரூபாய் 50 காசு. மணிக்கு 30 பைகள் முடிக்கும் ஒருவர் தம் உழைப்பை மணிக்கு 60 ரூபாய் என மதித்தால், பைக்குக் கூலி 2 ரூபாய். பசை, கைப்பிடிக் கயிறு, வெட்டுக்கூலி, வண்டிச்சத்தம் ஆகியவற்றை இதனோடு கூட்டுக. வீட்டுப் பெண்டிரின் உழைப்பைக் கணக்கிற் சேர்க்காமல் விலை சொல்வது பெருங்குறை. அவ்வாறு விற்பவர் இலாபம் என்று எண்ணுவது, உண்மையில் தம் கூலியில் ஒரு பகுதியே ஆகும்.

தொடங்குமுன் செய்ய வேண்டியது

தாள் கட்டை வாங்குமுன் இருபது தாள் மட்டும் வாங்கி, அறுபது பைகள் செய்க. ஒரு பையில் இரண்டு கிலோ அரிசியை இட்டு ஓர் இரவு தொங்கவிட்டுப் பார்க்க. அடி பிரிந்தால் பசையையும், கைப்பிடி அறுந்தால் துளையிட்ட இடத்தின் உள்ளே ஒட்டும் அட்டைத் துண்டையும் திருத்துக. எஞ்சிய பைகளை இரண்டு மூன்று கடைகளில் காட்டி, எந்த அளவு வேண்டும், வாரத்திற்கு எத்தனை வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்க. அதன்பிறகு தாள் வாங்கலாம். வாங்கிய தாளைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வையாமல், பலகையின்மேற் படுக்க வைத்தால், ஈரத்திற்கும் கரையானுக்கும் தப்பும்.

கடைக்காரர் குறித்துக் கொடுத்த அளவும், கையில் ஒரு நல்ல அளவுகோலும், கூலி சேர்த்துப் போட்ட கணக்கும் இருக்குமாயின், கடன் வாங்கிய பணம் தவணை தவறாமல் திரும்பும். வீட்டிலும் நாலு காசு தங்கும்.