சங்க அட்டையும் வாக்குச் சீட்டும்
பதுளைத் தோட்ட மக்களின் தேர்தல் அனுபவம்: ஒரு பாடம்

தேர்தல் நெருங்கினால் பசறை நகரில் ஒரு கேள்வி எழும்: “தோட்டத்து ஓட்டு இந்த முறை எந்தப் பக்கம்?” ஆயிரக்கணக்கான மனிதரின் வாக்கு கட்டி வைத்த ஒரே மூட்டை என்ற எண்ணம் இக்கேள்விக்குள் இருக்கிறது. இது உண்மையா? உண்மையென்றால் மூட்டை எப்படிக் கட்டப்பட்டது?

1. இழந்த வாக்கு

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். பதுளைத் தொகுதியில் தெரிவான எஸ்.எம். சுப்பையா அவர்களுள் ஒருவர். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, தோட்ட மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கின. 1952இல் அவர்கள் சார்பில் பாராளுமன்றம் செல்ல ஒருவருமில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். நாடற்றோர் பிரச்சினை 1986, 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களினால்தான் படிப்படியாகத் தீர்ந்தது.

இந்த நீண்ட காலத்தில் தொழிலாளிக்குக் குரல் எது? தொழிற்சங்கம் ஒன்றுதான். சம்பளத் தகராறானாலும், வேலை நிறுத்தப்பட்டாலும், துரையிடம் பேசத் தோட்டத் தலைவரே போனார். வாக்கில்லாத காலத்தில் சங்கச் சந்தாவே வாக்காக இருந்தது. வாக்குரிமை திரும்பியபோது அந்தப் பழக்கமும் வாக்குச் சாவடிவரை கூடவே வந்தது. ஆகவே, ஒன்றாக வாக்களித்ததை அறியாமை என்று இகழ்வது தவறு. நாதியற்றிருந்த மக்கள் கற்றுக்கொண்ட ஒற்றுமை அது.

2. பதுளையின் கணக்கு

1989 முதல் பாராளுமன்றத் தேர்தல் விகிதாசார முறையில் நடைபெறுகிறது. மகியங்கனை முதல் அப்புத்தளை வரை ஒன்பது தொகுதிகளும் சேர்ந்து பதுளை ஒரே தேர்தல் மாவட்டம். நுவரெலியாவில் தமிழர் பெரும்பான்மையினர். இங்கோ, 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே. அவர்களும் பல தொகுதிகளில் சிதறி வாழ்கின்றனர்.

எனவே தோட்டத்து வேட்பாளர் பெரிய கட்சியொன்றின் பட்டியலில் இடம் தேடுகிறார். சேவல் சின்னச் சங்கத்துக்குச் சந்தா கட்டுபவர் வேறு சின்னத்துக்குப் புள்ளடி இடுவதும் இதனால்தான். கட்சிக்கு வாக்களித்தபின் மூன்று விருப்பு வாக்குகள் வரை அளிக்கலாம். அவை ஒருமுகப்பட்டால் பிரதிநிதி கிடைப்பார். பல வேட்பாளருக்குச் சிதறினால் ஒருவரும் கிடைக்கமாட்டார். 2015இலும் 2020இலும் வடிவேல் சுரேஷும் அ. அரவிந்தகுமாரும் தெரிவானார்கள். 2020இல் ஐக்கிய மக்கள் சக்திக்கு இங்கே கிடைத்த மூன்று ஆசனங்களில் இரண்டு அவர்களுடையவை.

3. மூட்டை அவிழ்கிறதா?

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் பதுளை மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முன்னிலை பெற்றார். எட்டு வாரங்களின் பின், நவம்பர் 14ஆம் திகதி, அதே மாவட்டம் ஒன்பது ஆசனங்களில் ஆறைத் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தது. அந்த அறுவரில் கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் மலையகத் தமிழர்.

முடிவுகள் தொகுதி வாரியாகவே வெளியாகின்றன. தோட்டம் தோட்டமாக அல்ல. ஆகவே லயத்து வாக்கு மட்டும் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து சொல்ல இயலாது. ஆனால் பழைய சங்கங்களின் துணையின்றியும் தோட்டத்துப் பிள்ளைகள் வெல்லலாம் என்பது தெளிவாகிவிட்டது.

“என் ஒரு ஓட்டால் என்ன?” என்பாருக்கு இன்னொரு கணக்கு. 2015 ஜனவரி 8ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் இம்மாவட்டத்தில் மைத்திரிபால சிறிசேன பெற்றவை 2,49,524 வாக்குகள்; மகிந்த ராஜபக்ஷ பெற்றவை 2,49,243. வித்தியாசம் 281. ஒரு தோட்டத்துச் சில லயங்களின் வாக்குத்தான் அது!

4. வாக்களித்த பின்

லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றில் கூட்டம் முடிந்தபின் ஒரு தாய் கேட்டார்: “சாமி, தலைவர் சொன்ன பக்கந்தான் போட்டோம். ரோட்டு வரல. இப்ப யாருகிட்ட போய்க் கேக்கிறது?”

அவருடைய கேள்வி நியாயமானது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி சபையின் பணிகள் தோட்டத்துக்குள் எட்டவில்லை. மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள். சபையோ தோட்டத்தைக் கம்பனிக் காணி என்றது. 2018இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. இன்று தோட்டத்துப் பாதைக்காகப் பிரதேச சபையிடம் மனுக் கொடுக்கலாம். எத்தனை தோட்டங்களில் இச்செய்தி தெரியும்?

சங்கம் வேண்டும், சம்பளம் பேச அது இன்றியமையாதது. ஆனால் சங்க அட்டை வேறு, வாக்குச் சீட்டு வேறு. முதலாவதைத் தலைவரிடம் காட்டலாம். இரண்டாவது உங்களுடைய இரகசியம். ஒற்றுமையைக் கைவிட வேண்டாம். தலைவர் சொல்லிவிட்டுப் போவதற்குப் பதிலாக, எல்லோரும் இருந்து பேசி எடுத்த முடிவாக அது அமையட்டும்.

குழுவில் கலந்துரையாட:

1. கடந்த தேர்தலில் யார் சொல்லி வாக்களித்தோம்? வீட்டில் பெண்கள் தாமாக முடிவெடுத்தார்களா?

2. பதினெட்டு வயதான எல்லோருடைய பெயரும் வாக்காளர் இடாப்பில் உண்டா? இல்லையெனில் கிராம உத்தியோகத்தரை யார், எப்போது சந்திப்பது?

3. நமது பிரதேச சபை உறுப்பினர் யார்? பாதை, குடிநீர், விளக்கு ஆகிய மூன்றில் முதலில் எதைக் கேட்டு மனு எழுதுவோம்?