பொதுச்சுவர்

ஒண்டுக்குடித்தனத்தில் சுவர் ஒன்று, குடும்பம் இரண்டு. திண்ணையும் முற்றமும் உள்ள வீடுகளில் பிறந்து வளர்ந்த நம்மவர் பலர், உத்தியோகத்தின் பொருட்டும் பிள்ளைகளின் கல்வியின் பொருட்டும் நகரங்களில் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். அங்கே அயல்வீட்டு ஓசை நம் பொறுமையைச் சோதிக்கின்றது. அவ்வேளையில் இல்லறத்தார் நடந்துகொள்ள வேண்டிய முறையை இப்பாடத்தில் ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் பயில்கிறாள். இரவு பத்தரை மணிக்கும் அடுத்த போர்ஷனில் தொலைக்காட்சி முழங்குகிறது. தாயார் பொறுக்கமாட்டாமல் சுவரைத் தட்டுகிறார். மறுநாள் ஓசை இன்னும் கூடுகிறது.

இங்கே கஷாயங்கள் நான்கில் மூன்று தலைகாட்டுவதைக் காண்க. சுவரைத் தட்டியது குரோதம். ‘நாம் ஏன் முதலில் சென்று பேச வேண்டும்?’ என்று இருப்பது மானம். எதிர்ப்படும்போது புன்னகைத்துவிட்டு, மாடிவீட்டாரிடம் குறைகூறுவது மாயை. வாய்திறவாமல் இருந்துகொண்டு உள்ளத்தில் வெறுப்பை வளர்ப்பதைப் பொறுமை என்று மயங்கிவிடலாகாது. பொறுமை என்பது சினம் அடங்கிய நிலை. சினத்தை ஒளித்து வைத்த நிலை அன்று. ஆகவே, கேட்க வேண்டியதை முறையாகக் கேட்பதே இருவீட்டார்க்கும் நன்மை.

கேட்கச் செல்லுமுன் ஓசை வரும் வழியை அறிதல் நன்று. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைவிட நாலரை அங்குலச் சுவர் ஓசையை மிகுதியாக விடும். பொதுச்சுவரில் பொருத்திய தொலைக்காட்சியும் ஒலிபெருக்கியும் அச்சுவரையே அதிரச் செய்யும்; வேறு பக்கம் மாற்றினால் வேறுபாடு தெரியும். சுவர்த்துளைகள், கதவின் அடியிடுக்கு ஆகியவற்றின் வழியாகவும் ஓசை புகும். அவற்றை அடைத்தல் பயன் தரும். சுவரில் மெல்லிய பஞ்சு ஒட்டுவதால் அயல்வீட்டு ஓசை நிற்காது. நம் அறைக்குள் எழும் எதிரொலியே குறையும். படிக்கும் மேசையையும் படுக்கையையும் எதிர்ச்சுவர்ப் பக்கம் மாற்றுவது செலவில்லாத வழி.

இனி, பேச்சு. அது ஹிதம், மிதம், பிரியம் ஆகிய மூன்றும் உடையதாக இருத்தல் வேண்டும். இரவில் சினத்தோடு செல்லாமல், மறுநாள் காலையிலோ ஞாயிறு மாலையிலோ செல்க. “ஐயா, குழந்தைக்குப் பரீட்சை நெருங்குகிறது. பத்து மணிக்குமேல் சற்றுக் குறைத்து வைத்தால் பேருதவியாக இருக்கும்.” இவ்வளவே போதும், பழைய குறைகளை அடுக்க வேண்டா. பின்பு, “எங்களால் உங்களுக்கு ஏதேனும் தொந்தரவு உண்டா?” என்றும் கேட்க வேண்டும். அவ்வீட்டுப் பெரியவர்க்குச் செவி மந்தமாக இருக்கலாம். நாம் விடியற்காலை ஐந்து மணிக்கு ஓட்டும் கிரைண்டர், நள்ளிரவில் பணி முடித்து வந்து உறங்கும் அவர் மகனை நாள்தோறும் எழுப்பிக்கொண்டிருக்கலாம். கிரைண்டரைச் சுவரில் படாமல் நகர்த்தி, அடியில் தடித்த ரப்பர் விரிப்பை இட்டால் அதிர்வு குறையும். நேரத்தையும் மாற்றிக்கொண்டால் இன்னும் நன்று.

இன்சொல் பலன் தராதபோது, நாளையும் நேரத்தையும் குறித்து வைத்து, வீட்டு உரிமையாளரிடம் முறையிடுக. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வகுத்துள்ளன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. வேறு வழியே இல்லையெனில் காவல்துறையை நாடலாம். நியாயம் கேட்பது ஹிம்சை ஆகாது. பழிவாங்கும் எண்ணத்தோடு கேட்பதே தீது.

வாடகை வீட்டை ஒருநாள் காலிசெய்து விடுவோம். அங்கே சேர்த்த பகையை அவ்வாறு எளிதில் காலிசெய்ய இயலாது. அது நம்மோடு அடுத்த வீட்டிற்கும் வரும். ஆதலின் அதனைச் சேர்க்காமல் காப்பதே அறிவுடைமை.

சிந்தனைக்கு:

1. சுவரைத் தட்டுவதற்கும் கதவைத் தட்டுவதற்கும் உள்ள வேறுபாடு யாது?

2. நம் வீட்டு ஓசைகளுள் அயலார் செவிக்குச் செல்பவை எவை? குடும்பத்தோடு அமர்ந்து எண்ணிப் பார்க்கவும்.