மூன்று தேதி, ஒரு ஜோடி செருப்பு

நேற்று ராத்திரி பத்தரைக்கு உன் செய்தி வந்தது. "அக்கா, சமூக மன்றத்துல நினைவுநாள் மாதிரி ஏதாவது செய்யச் சொல்றாங்க. நல்ல பேச்சாளர் யாராவது தெரியுமா?" நீ இந்திய நற்பணிச் செயற்குழுவில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் உனக்கும் பேச்சாளர் வியாதி தொற்றிவிட்டது. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை, கடைசியில் பிரியாணிப் பொட்டலம். நாற்பது பேர் வருவார்கள், நாற்பது பேரும் பொட்டலம் இருக்கிற மேசையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். நான் நடத்திய கூட்டங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பேச்சாளரைத் தேடாதே. ஆட்களை நடக்க வை.

முதலில் தேதியைத் தேர்ந்தெடுக்கிற விஷயம். கைப்பேசியில் "வரலாற்றில் இன்று" என்று தினமும் பத்து வந்து விழுகிறது. ஒன்றும் மனசில் நிற்பதில்லை. நான் ஒரே ஒரு சல்லடைதான் வைத்திருக்கிறேன்: அது நடந்த இடத்துக்குத் தேக்காவிலிருந்து நடந்து போக முடியுமா? முடிந்தால் வைத்துக்கொள்வேன், இல்லையென்றால் விட்டுவிடுவேன். அப்படிச் சலித்தும் ஒரு வருடத்துக்கு வேண்டிய அளவு மிஞ்சுகிறது.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஜூலை முதல் வாரம். 1943 ஜூலை 4 அன்று சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் ராஷ் பிஹாரி போஸ், இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்தார். மறுநாள் 5-ஆம் தேதி பாடாங் திடலில் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். அதற்கு எட்டு வருடம் முன்னால், 1935 ஜூலை 6 அன்று, தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் வார இதழாகத் தமிழ் முரசு பிறந்தது. கோ. சாரங்கபாணியின் கைவண்ணம், விலை ஒரு காசு. 4, 5, 6. யாரோ திட்டம் போட்டு வைத்த மாதிரி அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன.

போன வருடம் நாம் உன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனது இப்படித்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தேக்கா உணவங்காடியில் ஆளுக்கொரு தே ஹாலியா, சின்னவனுக்கு மைலோ. அதற்கு முன்னால் கிளம்பினால் வெயில் மண்டையைப் பிளக்கும். செலிகி ரோடு வழியாக மெல்ல நடந்தால் கால் மணி, இருபது நிமிடத்தில் கேத்தே வந்துவிடும். பழைய கட்டடத்தில் முகப்பு மட்டும்தான் மிச்சம், பின்னால் இருப்பது புதுசு. சின்னவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது சினிமாக் கொட்டகைதானே பெரியம்மா?" என்றான். ஆமாம், கொட்டகைதான். அந்த அரங்கில்தான் ஒருவர் தலைமையைக் கொடுத்தார், இன்னொருவர் வாங்கிக்கொண்டார். அதே 1943-இல், அக்டோபர் 21 அன்று, சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை நேதாஜி அறிவித்ததும் அதே கட்டடத்தில்தான். இதைச் சொன்னதும் அவன் முகப்பைத் தொட்டுப் பார்த்தான். ஒரு மணி நேர சிறப்புரையில் அது நடக்காது.

அங்கிருந்து பிராஸ் பசா சாலைப் பக்கம் இறங்கினால் குறுக்கே வாட்டர்லூ ஸ்திரீட் வரும். 1943 அக்டோபர் 22-இல் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் அங்கேதான் திறக்கப்பட்டது. தலைமை, கேப்டன் லட்சுமி. ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி பிடித்த கதை உனக்குத் தெரியும். பெண் பிள்ளைகளிடம் கோலாலம்பூர் ஜானகியைப் பற்றிச் சொல். பதின்ம வயது, வசதியான வீடு, நேதாஜியின் பேச்சைக் கேட்டுவிட்டுக் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த பெண். பிறகு ஜானகி ஆதி நாகப்பன் என்று மலேசியாவில் பெரிய பெயர். போன வருடம் இதைச் சொன்னபோது உன் பெண்ணின் கை தானாகக் காதுக்குப் போனதை நான் பார்த்தேன்.

அக்டோபர் 21, 22 பெரும்பாலும் தீபாவளி நெருங்கும் சமயம் என்பதால் சிராங்கூன் சாலை விளக்கலங்காரத்தோடு சேர்த்து அதைத் தனி நடையாகவும் வைக்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்காதே, பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கடைசி நிறுத்தம் பாடாங். ரோட்டைத் தாண்டினால் எஸ்பிளனேட் பூங்கா. இந்திய தேசிய ராணுவத்தில் உயிர்விட்ட வீரர்களுக்காக 1945 ஜூலை 8-இல் நேதாஜி அங்கே ஒரு நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை உடைத்துப் போட்டார்கள். அந்த இடத்தைக் காட்டும் பலகையை வைக்க 1995 வரை ஆனது. போகும்போது பஃப்ளோ ரோட்டில் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொள். பலகைக்கு முன்னால் ஐந்து நிமிடம் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடு, பூங்காவில் குப்பை போட்ட மாதிரி ஆகக் கூடாது. போன வருடம் அதை என் தலையில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 6-ஆம் தேதிக்கு நடை தேவையில்லை. காலையில் கடைக்குப் போய்த் தமிழ் முரசு ஒன்று காசு கொடுத்து வாங்கு. முதல் பக்க ஓரத்தில் அன்று வீட்டில் என்ன சமையல், யாருக்குக் காய்ச்சல், தக்காளி என்ன விலை என்று பேனாவால் எழுதி மடித்து வை. என் அலமாரியில் இப்போது ஆறு இருக்கின்றன. 2025-இல் முரசுக்கு 90 ஆனபோது ஊரே கொண்டாடியது. 91-க்கு யார் கொண்டாடப்போகிறார்கள்? இந்த 50, 75, 100 பைத்தியம் எனக்குப் பிடிப்பதில்லை. நம் பிறந்தநாளைப் பத்து வருடத்துக்கு ஒரு தடவையா வைத்துக்கொள்கிறோம்?

இப்போது நீ கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று. குடும்பமாக நாலு பேர் நடந்துபோவது வேறு, மன்றத்துப் பெயரில் பதாகையோடு முப்பது பேர் போய்ப் பொது இடத்தில் நின்று பேசுவது வேறு. 2009-இல் வந்த பொது ஒழுங்குச் சட்டம், ஒரு நிகழ்வை நினைவுகூரக் கூடுவதையும் கூட்டம் என்றே கணக்கில் எடுக்கிறது. அனுமதி வேண்டுமா என்று மன்றத்து அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள். மழை வந்தால் ஒதுங்க கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. 2015 மே மாதம் திறந்தது, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம். திங்கட்கிழமை மூடியிருக்கும். அந்த மூடிய கதவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அனுபவமும் எனக்கு உண்டு.

தேதியை அச்சடிப்பதற்கு முன் இரண்டு தடவை சரிபார். பாரதி நினைவுநாளுக்கு நான் செப்டம்பர் 11 என்று அட்டை அடித்து ஒட்டிவிட்டேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அதன் முன்னால் நின்று, "ஏம்மா, உயிர் போனது நள்ளிரவு தாண்டி ஆச்சே, அப்ப 12 இல்லையா?" என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனால் 11-ஆம் தேதியை மகாகவி நாளாகத் தமிழ்நாட்டு அரசு 2021-இல் அறிவித்திருக்கிறது, அதுவும் உண்மை. அன்றைக்கு எனக்கு இரண்டுமே தெரியாமல் திருதிருவென்று முழித்ததுதான் தப்பு. இப்போதெல்லாம் தேசிய நூலகத்தின் மின்னிலக்க நாளிதழ்ச் சேகரிப்பில் அந்தத் தேதியைப் போட்டுப் பழைய முரசைப் புரட்டிப் பார்த்துவிடுகிறேன். சில இதழ்கள் வீட்டிலிருந்து திறக்காது, விக்டோரியா ஸ்திரீட் நூலகத்துக்கே போக வேண்டும். போனால் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள். பழைய சினிமா விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது.

சினிமா என்றதும் ஞாபகம் வருகிறது. பெரியவர்களை இழுக்க வேண்டுமென்றால் "நினைத்தாலே இனிக்கும்" ஒன்று போதும். பாலசந்தர், கமல், ரஜினி, எம்.எஸ்.வி., அதோடு 1979-இன் சிங்கப்பூர். அந்தக் காலத்துக் குடும்பப் புகைப்படங்களைக் கொண்டுவரச் சொல், அதே இடத்தில் மறுபடி நின்று படம் எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: மெர்லயன் படம் பொருந்தாது. 1972-இல் ஆற்று முகத்துவாரத்தில் வைத்த சிலையை 2002-இல் இடம் மாற்றிவிட்டார்கள். நம் அப்பா நிற்கிற படத்தை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அலைந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

பிப்ரவரி 15 மட்டும் கொண்டாட்டம் இல்லை. 1942-இல் சிங்கப்பூர் விழுந்த நாள். மாலை 6.20-க்கு தீவு முழுக்கச் சங்கு ஊதும்போது நீ பெரும்பாலும் எம்ஆர்டியில் நின்றுகொண்டு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அடுத்த தடவை ஃபேரர் பார்க் திடல் பக்கம் வா. சரணடைந்து இரண்டு நாள் கழித்து, 17-ஆம் தேதி, சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை அங்கே கூட்டி ஜப்பானியர் கையில் கொடுத்தார்கள். மேஜர் ஃபுஜிவாரா ஜப்பானிய மொழியில் பேச, அதை ஆங்கிலத்தில் சொல்லி, பிறகு இந்துஸ்தானியில் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் நின்ற தமிழ்ச் சிப்பாய்க்கு மூன்றில் எது எவ்வளவு புரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பக்கம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள் வரப்போகின்றன. இருக்கிறபடி பார்க்க நினைத்தால் சீக்கிரம் பார்த்துவிட வேண்டும்.

பேச்சாளருக்கு ஒதுக்கிய காசில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் அரைப் பக்கக் குறிப்பும் போட்டுவிடு. குறிப்பை ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பிள்ளை வாசிக்கட்டும், திக்கினாலும் பரவாயில்லை, நடுவில் திருத்தாதே. புதுச் செருப்பு வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல். குடை கட்டாயம். போன வருடம் பாடாங்கில் உனக்குக் கொடுத்த என் நீலக் குடை இன்னும் உன் வீட்டு வாசலில்தான் தொங்குகிறது. அதை எடுத்துக்கொண்டு வா.