மூன்று பிரதிகள் கேட்டவருக்கு

கிளஸ்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் பொறியாளருக்கு,

செயலிகளைப் பல இயந்திரங்கள் கொண்ட கிளஸ்டரில் ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸில் முதன்முறையாக ஒரு செயலியை ஏற்றும் எவரும் யாமல் கோப்பில் 'ரெப்ளிகாஸ்: 3' என்று ஒரு வரி எழுதுவார். சற்று நேரத்தில் செயலியின் மூன்று பிரதிகள், அதாவது மூன்று பாட்கள், ஓடத் தொடங்கும். ஒன்றை அழித்தால் அந்த இடத்தில் இன்னொன்று முளைக்கும். பார்த்தவுடன் பிடித்துப்போகிற காட்சி. இனிச் செயலி விழவே விழாது என்ற தைரியமும் கூடவே வந்துவிடும். அந்தத் தைரியத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்த ஒரு வரி கேட்பது எண்ணிக்கையை மட்டுமே. எவற்றை எண்ணுவது, எது வேலைக்குத் தயார், எது எந்த இயந்திரத்தில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் கோப்பை எழுதுகிறவர்தான் சொல்லியாக வேண்டும்.

கூகுள் தன் தரவு மையங்களில் போர்க் என்ற அமைப்பை ஓட்டிப் பெற்ற அனுபவத்திலிருந்து பிறந்தது குபெர்னெட்டீஸ். 2014 ஜூனில் வெளியே வந்தது; 1.0 பதிப்பு 2015 ஜூலையில். பிரதிகளை எண்ணும் வேலையைத் தொடக்கத்தில் ரெப்ளிகேஷன் கன்ட்ரோலர் பார்த்தது. பிறகு அந்த இடத்துக்கு ரெப்ளிகாசெட் வந்தது, அதன் தலைக்கு மேல் டிப்ளாய்மென்ட் உட்கார்ந்தது. இன்று நீங்கள் எழுதுவது டிப்ளாய்மென்ட். பாட்டின் வரையறை மாறும்போதெல்லாம் அது புதிதாக ஒரு ரெப்ளிகாசெட்டை உண்டாக்கும். ரெப்ளிகாசெட் பாட்களை உண்டாக்கும். பாட்டின் பெயரிலேயே இந்த வம்சாவளி இருக்கிறது. முதலில் டிப்ளாய்மென்டின் பெயர், நடுவில் ரெப்ளிகாசெட்டின் அடையாளக் குறி, கடைசியில் ஐந்து எழுத்து வால். அந்த வாலில் ஆங்கில உயிரெழுத்து ஒன்றுகூட இருக்காது. தற்செயலாகக் கெட்ட வார்த்தை எதுவும் உருவாகிவிடக் கூடாது என்று எழுத்துப் பட்டியலிலிருந்தே அவற்றை நீக்கிவிட்டார்கள்.

சரி, ரெப்ளிகாசெட் எப்படி எண்ணுகிறது? பாட்டின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து. விடுதி வார்டன் இரவில் தலையை மட்டும் எண்ணிக்கொண்டு போவது போலத்தான். படுத்திருப்பவருக்குக் காய்ச்சலா என்று அது நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. இந்தக் குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொள்ளலாம். மூன்று பாட்களில் ஒன்று மட்டும் நினைவகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே அழித்துவிட்டால் தடயமும் போய்விடும். அதற்குப் பதில், 'க்யூப்சிடிஎல் லேபிள்' கட்டளையில் அந்தப் பாட்டின் பெயரைக் கொடுத்து, ரெப்ளிகாசெட்டின் செலக்டர் தேடும் லேபிளின் பெயருக்குப் பின்னால் ஒரு கழித்தல் குறி போடுங்கள். லேபிள் கழன்றுவிடும். ரெப்ளிகாசெட் தன் கணக்கில் ஒன்று குறைந்ததைக் கண்டு உடனே புதிய பாட்டை எழுப்பும். பாட்களுக்குப் போக்குவரத்தை அனுப்பும் சர்வீஸும் அதே லேபிளை நம்பியிருந்தால், நோயாளிப் பாட்டுக்குப் போக்குவரத்து நின்றுவிடும். பாட் மட்டும் உயிரோடு தனியே கிடக்கும். நிதானமாக உள்ளே போய் ஆராயலாம். இதைக் கையால் ஒருமுறை செய்து பார்த்தவருக்கு லேபிள் என்பது வெறும் அலங்காரச் சீட்டு இல்லை என்று புரிந்துவிடும்.

ரெடிட் தளத்துக்கு அது கசப்பாகப் புரிந்தது. 2023 மார்ச் 14 அன்று அந்தத் தளம் 314 நிமிடங்கள் முடங்கியது. அன்று அவர்களுடைய பொறியாளர்கள் ஒரு கிளஸ்டரை 1.23 பதிப்பிலிருந்து 1.24-க்கு உயர்த்தினார்கள். கிளஸ்டரை நிர்வகிக்கும் இயந்திரங்களான கட்டுப்பாட்டு நோட்களில் காலங்காலமாக இருந்த 'மாஸ்டர்' என்ற லேபிளைக் குபெர்னெட்டீஸ் 1.24-இல் நீக்கிவிட்டு, 'கன்ட்ரோல் பிளேன்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டது. நோட்களுக்கிடையே நெட்வொர்க் வழிகளைப் பரப்பிக்கொண்டிருந்த கேலிகோ அமைப்போ பழைய லேபிளையே தேடும்படி எழுதப்பட்டிருந்தது. தேடியது கிடைக்கவில்லை, வழிகள் மறைந்தன. பழைய பதிப்புக்குப் பின்னோக்கிப் போக நேர்வழி இல்லாததால் காப்பு நகலிலிருந்து கிளஸ்டரை மீட்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு செயலிக்கும் பிரதியை இரட்டிப்பாக்கியிருந்தாலும் அன்று உதவியிருக்காது. இதைப் பற்றி அவர்களே விரிவான அறிக்கை எழுதி வெளியிட்டார்கள். பாடப்புத்தகத்துக்கு முன்னால் அதைப் படியுங்கள்.

அடுத்தது, பாட்களின் நலத்தைச் சோதிக்கும் புரோப்கள். ரெடினஸ் புரோப் தோற்றால் அந்தப் பாட்டுக்குப் போக்குவரத்து நிற்கும். லைவ்னஸ் புரோப் தோற்றால் கன்டெய்னரே கொல்லப்பட்டு மறுபடி தொடங்கும். இரண்டுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்துவிட்டு நகர்கிறவர்கள் ஏராளம். அந்த முகவரி தரவுத்தளத்தையும் தொட்டுப் பார்ப்பதாக இருந்தால் ஆபத்து. வேறு மதிப்பு எதுவும் கொடுக்காவிட்டால் 10 நொடிக்கு ஒருமுறை சோதனை, 1 நொடிக்குள் பதில், தொடர்ந்து 3 முறை தவறினால் தோல்வி. தரவுத்தளம் அரை நிமிடம் மந்தமானால் போதும், நல்ல நிலையில் இருந்த மூன்று பிரதிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கொல்லப்படும். மூன்றும் திரும்ப எழுந்து, ஏற்கெனவே திணறும் தரவுத்தளத்தின் மீது ஒன்றாகப் பாயும். லைவ்னஸ் புரோப் தன் செயலி உறைந்துவிட்டதா என்று மட்டும் பார்க்கட்டும்.

பிரதிகள் எங்கே இருக்கின்றன என்பதையும் பாருங்கள். பாட்களுக்கு நோடைத் தேர்ந்தெடுக்கும் ஷெட்யூலர் அவற்றைப் பரப்பி வைக்கத்தான் முயலும், ஆனால் உறுதி தராது. ஒரே நோடில் மூன்றும் சேர்ந்திருக்க, அந்த நோட் சட்டென்று இறந்தால்? அது போய்விட்டதென்று முடிவுகட்டவே முக்கால் நிமிடம் போல ஆகும். அதன் பிறகும் குபெர்னெட்டீஸ் இயல்பாக 300 நொடி காத்திருந்துதான் பாட்களை வேறிடத்தில் எழுப்பும். பரவல் விதியைக் கோப்பிலேயே எழுதிவிடுவது நல்லது.

புதிய பதிப்பை ஏற்றும்போது இயல்பான கணக்கு, பாட்களின் எண்ணிக்கை 25 சதவீதம் கூடலாம், 25 சதவீதம் குறையலாம் என்பது. மூன்று பிரதிக்கு அது 0.75 ஆகிறது. கூடுவதை மேல்நோக்கி 1 ஆகவும், குறைவதைக் கீழ்நோக்கி 0 ஆகவும் எடுத்துக்கொள்ளும். ஆகவே நான்காவது பாட் தயாரான பிறகே பழையது ஒன்று போகும். புதியது தயாராகாமலே 10 நிமிடம் கடந்தால், டிப்ளாய்மென்ட் அதைத் தோல்வி என்று தன் நிலைக்குறிப்பில் குறித்துவைக்கும், அவ்வளவுதான். பழைய பதிப்புக்குத் தானாகத் திரும்பாது. திருப்புவது உங்கள் கை.

பழைய பாட் விடைபெறும் தருணத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. சர்வீஸ் பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்குவதும், அதற்கு 'முடித்துக்கொள்' என்ற சிக்டெர்ம் சமிக்ஞையை அனுப்புவதும் ஒரே சமயத்தில் நடக்கும். பெயர் நீங்கிய செய்தி எல்லா நோடுக்கும் போய்ச்சேரும் முன்பே செயலி கதவைச் சாத்திவிட்டால், சில வாடிக்கையாளர்களின் கோரிக்கை நடுவழியில் அறுந்துபோகும். நிற்கும் முன் சில நொடி தாமதிக்கும்படி ஒரு பிரீஸ்டாப் வரியைச் சேர்த்தால் இது பெருமளவு தீரும். மொத்த அவகாசம் இயல்பாக 30 நொடி. அதைத் தாண்டினால் சிக்கில் சமிக்ஞை வந்து வலுக்கட்டாயமாக நிறுத்திவிடும்.

இந்த வாரமே சோதனைக் கிளஸ்டரில் ஒரு நோடை டிரெயின் செய்து, அதாவது அதிலுள்ள பாட்களை வெளியேற்றிப் பாருங்கள். அதற்கு முன் எப்போதும் குறைந்தபட்சம் எத்தனை பாட்கள் இருக்க வேண்டும் என்று சொல்லும் பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட் ஒன்றை உங்கள் செயலிக்கு எழுதுங்கள். மூன்று பிரதிக்கும் குறைந்தபட்சம் 3 என்று போட்டால் டிரெயின் அங்கேயே நின்றுவிடும். நோட்களைப் புதுப்பிக்கும் குழு உங்களைத்தான் தேடி வரும். அதை 2 ஆக்கிவிட்டு, பாட்கள் ஒவ்வொன்றாக இடம் மாறுவதை இன்னொரு திரையில் கவனியுங்கள்.

அன்புடன்,
இதே வேலையில் மூத்த ஒருவர்