ஒன்பதாம் நாள் பூக்கும் புறா மலர்

தீபகற்ப மலேசியாவில் 800க்கும் மேற்பட்ட காட்டு ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. அவற்றைக் காண மலையேற வேண்டும், காடு புக வேண்டும் என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். பெரும்பாலானவற்றுக்கு அது உண்மையே. ஆயினும், கிள்ளான் பள்ளத்தாக்கின் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களிலும் அங்சானா மரங்களிலும் ஒரு காட்டு ஆர்க்கிட் தானாகவே குடியேறி வாழ்கிறது. மலாய்மொழியில் அதற்கு 'அங்கெரிக் மெர்பாத்தி' என்று பெயர். மெர்பாத்தி என்றால் புறா. சிறகு விரித்த வெண்புறாவைப் போன்ற பூ. நாவிதழில் சிறிது மஞ்சள்.

1799இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஓலோஃப் சுவார்ட்ஸ் இதற்கு டெண்ட்ரோபியம் குருமெனாட்டம் எனப் பெயரிட்டார். முதற்சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'மரத்தில் வாழ்வது' என்பது பொருள். இரண்டாவது, பணப்பை என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பூவின் பின்புறம் பை போன்று புடைத்திருப்பதே காரணம். நம் பாட்டிமாரின் சுருக்குப்பையை நினைத்துக்கொண்டால் பெயர் மறக்காது.

மரக்கிளையில் தொங்கும் எதையும் 'புல்லுருவி' என்று சொல்லிப் பிய்த்தெறியும் வழக்கம் நம்மிடையே உண்டு. இங்குத்தான் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். புல்லுருவி தன் உறிஞ்சு வேர்களை மரத்தினுள் செலுத்தி நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. புறா ஆர்க்கிட்டின் வேர்களோ பட்டையின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்வதோடு நின்றுவிடுகின்றன. வேரைச் சுற்றியுள்ள வெண்ணிறப் பஞ்சு போன்ற உறை மழைநீரை உறிஞ்சுகிறது. தண்டின் பருத்த பகுதி அதைச் சேமிக்கிறது. பசுமையான இலைகள் உணவு தயாரிக்கின்றன. மரம் தருவது இடம் மட்டுமே. இத்தகையவற்றை நம் பாடநூல்கள் தொற்றுத் தாவரங்கள் என்கின்றன. தொற்று என்றதும் நோய் நினைவுக்கு வருவதால் அச்சொல் இதற்கு ஓர் அவப்பெயராகவே ஆகிவிட்டது எனலாம்.

இதன் வியப்பான பண்பு பூக்கும் முறையாகும். மொட்டுகள் ஓரளவு வளர்ந்தபின் உறங்கிக் கிடக்கும். கடும் வெயிலுக்குப்பின் திடீரென இடிமழை கொட்டி வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அவை விழித்துக்கொள்கின்றன. அன்றிலிருந்து ஏறக்குறைய ஒன்பதாம் நாள், அம்மழை பெய்த வட்டாரத்துச் செடிகள் யாவும் ஒரே காலையில் மலர்ந்து மணம் வீசும். மாலைக்குள் வாடிவிடும். கிள்ளானில் பெய்த மழை பிரிக்பீல்ட்ஸில் பெய்யாவிட்டால், கிள்ளானில் பூக்கும் நாளில் பிரிக்பீல்ட்ஸ் மரங்கள் வெறுமனே இருக்கும்.

குறிஞ்சியை நாம் அறிவோம். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையெங்கும் சேர்ந்து பூக்கிறது. மூணாறில் 2018இல் பூத்தது. அதன் கணக்கு ஆண்டுகளில்; இதன் கணக்கு நாள்களில். ஒரு நாளே வாழும் பூவுக்குச் சேர்ந்து மலர்வது மிகவும் தேவை. தனித்து மலர்ந்தால், தேனீ மற்றொரு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இந்நாட்டு ஆர்க்கிட்களை விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஹோல்ட்டம் முதன்மையானவர். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராகப் பணியாற்றிய இவர், மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிய தொடக்க ஆண்டுகளில் அதன் தாவரவியல் பேராசிரியராக விளங்கினார். மலாயா ஆர்க்கிட்கள் பற்றிய இவரது நூல் 1953இல் வெளிவந்தது. கோலாலம்பூர் வளாகத்தில் 1974இல் தொடங்கப்பட்ட ரிம்பா இல்மு தாவரவியல் பூங்கா, இன்று நம் மாணவர்கள் நடந்தே சென்றடையும் தொலைவில் உள்ளது.

புறா ஆர்க்கிட் நகரத்தில் பிழைத்துக்கொண்டது. அதன் உறவினங்கள் பலவற்றால் அது இயலவில்லை. ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது, உள்ளே சேமித்த உணவு கிடையாது. உரிய பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். காட்டை அழித்தால் மரத்தோடு அப்பூஞ்சையும் போய்விடுகிறது. காட்டிலிருந்து பறித்து விற்பவர்களாலும் இழப்பு நேர்கிறது. 1973இல் உருவான சைட்டிஸ் உடன்படிக்கை ஆர்க்கிட் குடும்பம் முழுவதையும் தன் பட்டியல்களில் சேர்த்துள்ளது. மலேசியாவில் அதனை நடைமுறைப்படுத்தும் சட்டம் 2008இல் இயற்றப்பட்டது. சாலையோர மரத்தில் உள்ளதைப் பிடுங்கும் கைக்கு இச்சட்டம் எட்டாது. அது எல்லை கடக்கும் வணிகத்துக்கானது.

வெயில் கொளுத்திய ஒரு நாளில் அடைமழை பெய்தால், அத்தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். ஒன்பதாம் நாள் காலையில், வகுப்புக்குப் போகும் வழியில் கிளைகளை அண்ணாந்து பாருங்கள்.