பினாங்கில் நடங்கள், புக்கெட்டில் பதியுங்கள்

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் சொகுசுக் கப்பலில் வயதான பெற்றோருடன் போகிறோம். கரைச் சுற்றுலாவைக் கப்பலிலேயே பதிவு செய்யலாமா? சாப்பாடு எங்கே நல்லது?

பதில்: பினாங்குக்குப் பணம் கட்டாதீர்கள். சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனிலேயே இருக்கிறது. கார்ன்வாலிஸ் கோட்டையும் லிட்டில் இந்தியாவும் பக்கம்தான். புக்கெட் அப்படியல்ல. பல கப்பல்கள் படோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டு, சிறு படகில்தான் கரைசேர்க்கும். அதிலேயே நேரம் கரையும். புக்கெட் பக்கத்திலுள்ள பாங் ஙா வளைகுடாவைப் பார்க்க ஆசையென்றால் கப்பல் வழியாகவே பதியுங்கள். கப்பல் ஏற்பாடு செய்த பேருந்து தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது.

சாப்பாட்டுக்குக் கப்பல் கட்டணத்தில் அடங்கிய பெரிய உணவகமே போதும். பஃபே வரிசையில் பெரியவர்களை நிற்கவைக்க வேண்டாம். சைவமென்றால் முதல் இரவே பரிமாறுபவரிடம் சொல்லிவிடுங்கள். பினாங்கில் பகலில் இறங்கினால், மதியம் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு!