இணையத் தகவலை நம்பலாமா? ஓர் எண்ணைக் கொண்டு சோதிப்போம்



அறிவியல் செயற்றிட்டம் என்றதும் நீங்கள் முதலில் திறப்பது தேடுபொறியைத்தான். அதில் தவறில்லை. ஜோர்ஜ் டவுனில் இருந்தபடியே நாசாவின் தரவுகளைப் பார்க்க முடிவது பெரிய வசதி. ஆனால், அதே தேடலில் பொய்யும் அழகான படங்களோடு வந்து நிற்கும். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? நம் நாட்டில் பலரும் பகிர்ந்த ஒரு செய்தியை வைத்தே இந்த வாரம் அதைக் கற்போம்.

2021, 2022-ஆம் ஆண்டுகளில் புலனத்திலும் முகநூலிலும் ஒரு செய்தி வலம் வந்தது. அதன் சாரம் இதுதான்: “பூமி அப்ஹீலியன் நிலைக்குப் போகிறது. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் வழக்கமாக 5 ஒளி நிமிடம், அதாவது 90 மில்லியன் கிலோமீட்டர். இப்போது அது 152 மில்லியன் கிலோமீட்டராகும். 66 விழுக்காடு அதிகம். ஆகஸ்டு வரை கடுங்குளிர் இருக்கும். சளி, இருமல், காய்ச்சல் வரும்.”

படித்தவுடன் அறிவியல் போலவே தெரிகிறது அல்லவா? சோதித்துப் பார்ப்போம்.

படி 1: சோதிக்கக்கூடிய கூற்றைப் பிரித்தெடுங்கள்

“கடுங்குளிர் இருக்கும்” என்பதை உடனே அளக்க முடியாது. “90 மில்லியன் கிலோமீட்டர்” என்பதை அளக்கலாம். எனவே எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒளி ஒரு வினாடியில் ஏறக்குறைய 300,000 கிலோமீட்டர் செல்கிறது. 5 நிமிடத்தில் 300,000 × 300 = 90 மில்லியன் கிலோமீட்டர். கணக்கு சரியாக வருகிறதே! கவனம், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு எண்கள் ஒன்றோடொன்று பொருந்துவதால் மட்டும் அவை உண்மையாகிவிடா. சூரிய ஒளி பூமிக்கு வர ஆகும் நேரம் 5 நிமிடம் அல்ல; ஏறக்குறைய 8 நிமிடம் 20 வினாடி. சராசரித் தூரம் 149.6 மில்லியன் கிலோமீட்டர். வெள்ளிக் கோளே சூரியனிலிருந்து 108 மில்லியன் கிலோமீட்டரில் இருக்கிறது. செய்தி சொல்வது உண்மையானால், நாம் வழக்கமாக வெள்ளியைவிடச் சூரியனுக்கு அருகில் இருக்க வேண்டும்!

அடுத்து அந்த 66 விழுக்காடு. 90-இலிருந்து 152-க்கு உயர்வு 62. அதை 90-ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறக்குறைய 69 விழுக்காடு. கணிதமும் தவறு.

படி 2: பாடநூல் அறிவோடு பொருத்துங்கள்

அப்ஹீலியன் என்பது உண்மையான சொல். பூமியின் பாதை நீள்வட்டம் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் வாரத்தில் பூமி சூரியனிலிருந்து மிகத் தொலைவில், ஏறக்குறைய 152 மில்லியன் கிலோமீட்டரில், இருக்கும். ஜனவரி முதல் வாரத்தில் மிக அருகில், 147 மில்லியன் கிலோமீட்டரில், இருக்கும். வேறுபாடு 5 மில்லியன் கிலோமீட்டர். 3 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் ஜூலையில் கோடைக்காலம் என்பதை நினைத்துப் பாருங்கள். பருவங்களுக்குக் காரணம் தூரம் அல்ல. பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதே.

ஆக, அந்தச் செய்தியில் அப்ஹீலியன் உண்மை. 152 மில்லியன் கிலோமீட்டரும் உண்மை. பொய் ஒளிந்திருந்தது 90 என்ற எண்ணில். முழுப் பொய்யைவிட உண்மை கலந்த பொய்யே அதிக தூரம் ஓடும்.

படி 3: பக்கத்தை விட்டு வெளியே வாருங்கள்

ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் சேம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 10 வரலாற்று அறிஞர்கள், 10 உண்மை சரிபார்ப்பாளர்கள், 25 பல்கலைக்கழக மாணவர்கள் ஆகியோரிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். அறிஞர்களும் மாணவர்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே தங்கி, சின்னத்தையும் வடிவமைப்பையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ விரைவில் வேறு தாவல்களைத் திறந்து, இந்தத் தளத்தை நடத்துவது யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். அவர்களே விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தார்கள்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். முகவரி ‘ஓ-ஆர்-ஜி’ என்று முடிந்தால் நம்பலாம் என்று எண்ண வேண்டாம். அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

படி 4: மூலத்தைத் தேடுங்கள்

“ஐந்து தளங்களில் பார்த்தேன், ஐந்திலும் இதே தகவல்தான்” என்று மாணவர்கள் சொல்வதுண்டு. ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடிப் பாருங்கள். ஐந்திலும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால், அவை ஒன்றிலிருந்து மற்றொன்று நகலெடுத்தவையாக இருக்கலாம். அப்போது உங்களிடம் இருப்பது ஐந்து சான்றுகள் அல்ல, ஒன்றே ஒன்று.

விக்கிப்பீடியாவைத் தொடக்கமாகக் கொள்ளலாம். அதன் அடியில் உள்ள சான்றுகளைத் திறந்து படித்த பிறகே எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் பதிலுக்கும் இதே விதிதான். அது காட்டும் கட்டுரை உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தகவலை விட்டுவிடுங்கள்.

கேள்விக்கு ஏற்ற மூலத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கோள்களின் தூரத்திற்கு நாசா. பினாங்கின் மழைக்கும் வெப்பத்திற்கும் மலேசிய வானிலை ஆய்வுத் துறை. நம் கடல் உயிரினங்களுக்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம். பரவும் செய்தி பொய்யா என்று பார்க்க, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய ‘செபெனார்ஞா’ தளம் இருக்கிறது.

இதெல்லாம் மதிப்பெண்ணுக்காக மட்டுமல்ல. காய்ச்சல் வந்த ஒருவர் “இது அப்ஹீலியன் குளிர்தான்” என்று வீட்டிலேயே இருந்துவிட்டால்? அது டிங்கியாக இருந்தால்? தவறான ஓர் எண், கிளினிக்குக்குப் போக வேண்டியவரைத் தடுத்துவிடக்கூடும்.

இந்த வாரச் செயற்பாடு

இதைப் போலவே “இக்குவினாக்ஸ் காரணமாக ஐந்து நாள்களுக்கு வெப்பநிலை 40 பாகை செல்சியஸை எட்டும்” என்ற செய்தியும் மலேசியாவில் பரவியதுண்டு. மேற்கண்ட நான்கு படிகளைக் கொண்டு அதைச் சோதியுங்கள். இரண்டு குறிப்புகள் தருகிறேன்: மலேசியாவில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 40.1 பாகை, 1998 ஏப்ரல் 9-இல், பெர்லிஸின் சூப்பிங்கில். பினாங்கிற்கு நேர் மேலே நண்பகல் சூரியன் வருவது ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பகுதியிலும்.

நீங்கள் ஏற்ற மூலங்களை ஒரு பத்தியிலும், நிராகரித்தவற்றைக் காரணத்தோடு மறு பத்தியிலும் அட்டவணையாக எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். அந்த இரண்டாம் பத்திதான் நீங்கள் எவ்வளவு உழைத்தீர்கள் என்பதைச் சொல்லும்.